காசநோய் மாத்திரையும் சூரை மீனும்

ஆசிரியருக்கு வணக்கம்.

காசநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் சத்தாகச் சாப்பிட வேண்டும் என்று அரசு மாதம் 1000 ரூபாய் கொடுக்கிறது. கடலோர ஊர்களில் அந்தப் பணத்துக்குக் கிடைக்கும் மலிவான புரதம் மீன்தான். மீன் சாப்பிடச் சொல்வது சரி. எந்த மீன் என்று சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து.

காசநோய்க் கூட்டு மாத்திரையில் உள்ள ஐசோனியாசிட், குடலில் ஹிஸ்டமினை (ஒவ்வாமை போன்ற அறிகுறிகளைக் கிளப்பும் வேதிப்பொருள்) சிதைக்கும் டையமின் ஆக்சிடேஸ் நொதியை அடக்கிவிடும். சூரை, கானாங்கெளுத்தி, சாளை, நெத்திலி ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் கிடந்தால், செவுளிலும் குடலிலும் உள்ள பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராம் ஹிஸ்டமின் என்பது சர்வதேச வரம்பு. மருந்து எடுப்பவர்களுக்கோ, மற்றவர்கள் சாதாரணமாகச் செரித்துவிடும் அளவே தாங்காமல் போகலாம்.

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் சிவந்து எரியும். தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, தடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். அதே குழம்பைச் சாப்பிட்ட வீட்டார் நன்றாக இருப்பதால் பழி மாத்திரைமேல் விழுகிறது. பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினால் 6 மாத சிகிச்சை கெட்டு, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக முற்றக்கூடும். மருந்தினால் வரும் ஒவ்வாமை மீன் சாப்பிடாத நாளிலும் தலைகாட்டும். ஹிஸ்டமினால் வரும் இந்தப் பாதிப்போ மீன் சாப்பிட்ட அன்று வந்து, பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும்.

கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் புளி கூட்டினாலும் ஹிஸ்டமின் அழியாது. மோந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. சில சமயம் வாயில் வைத்ததுமே மிளகைக் கடித்ததுபோல் நாக்கு சுரீரென்னும். நம் குழம்பின் காரத்தில் அது தெரியாமலே போய்விடும்.

மருந்து முடியும்வரை சூரையையும், அதில் செய்யும் மாசிக்கருவாட்டையும் அடியோடு விட்டுவிடலாம். விரால், கெண்டை, கொடுவா, முட்டை, பருப்பு போதும். மற்ற வீடுகளிலும் சூரை வாங்கினால் உடனே செவுளையும் குடலையும் எடுத்து, கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் போட்டு வைக்க வேண்டும். வெயிலில் கிடந்த மீனைப் பிறகு ஃப்ரிட்ஜில் வைப்பதால் பயனில்லை. ஏற்கெனவே சேர்ந்த ஹிஸ்டமின் குறையாது.

மாத்திரை கொடுக்கும் மையங்களில் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிகிச்சை அட்டையிலும் அச்சிட வேண்டும்: "சூரை மீன், மாசிக்கருவாடு வேண்டாம். மீன் சாப்பிட்டு முகம் சிவந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்."

– மருந்தாளுநர்கள் சிலர், தூத்துக்குடி