எங்கள் இடாப்புகளை எரிக்காதீர்கள்

யாழ்ப்பாணப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் விடுகைப் பத்திரத்தின் பிரதி எடுக்க, நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். களஞ்சிய அறையைத் துப்புரவாக்கி மதிலோரம் குவித்திருந்தார்கள். உடைந்த கதிரைகள், கறையான் அரித்த வரைபடங்கள், அவற்றுக்கு அடியில் பழைய வகுப்பு இடாப்புகள், அதாவது வரவுப் பதிவேடுகள். பின்னேரம் கொளுத்தப் போகிறார்களாம். குந்தியிருந்து கிளறினேன். 1995, எட்டாம் வகுப்பு. ஒக்டோபர் பக்கம் பாதியில் நிற்கிறது. மிச்சக் கட்டங்களில் ஒரு கோடுகூட இல்லை.

அந்த மாதம் 30ஆம் திகதி இரவு, போரினால் இடம்பெயர்ந்து, யாழ் நகரும் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்த வலிகாமத்துச் சனமெல்லாம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. அம்மாவின் சைக்கிள் கரியரில் அரிசி, அதற்கு மேல் உரப்பைக்குள் என் கொப்பிகள். சில கிழமைகள் கழித்துச் சாவகச்சேரியில் திரும்பவும் படிக்கப் போனோம். காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகள், பின்னேரம் நாங்கள். வகுப்பறைகளில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் சமைத்துக்கொண்டிருந்தன. எங்களுக்கு மாமரத்தடி. ரீச்சர் முதல் நாள் பாடம் நடத்தவில்லை. ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு எங்கள் பெயர்களை எழுதினார். ஒவ்வொருவர் ஒவ்வோர் ஊர். பெயர் கூப்பிட, "ஓம் ரீச்சர்" என்றோம். வீட்டை விட்டு வந்த பிறகு, நான் இருக்கிறேனா என்று ஒருவர் கேட்டது அன்றுதான்.

அந்தக் கொப்பி எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

1990இல் கரண்ட் நின்றது. மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்துச் சோதனை எழுதிய கதையை எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ஆனால் எந்த நாள் ஷெல்லடியில் வகுப்பில் எத்தனை பேர் வந்தார்கள், பொம்பர் என்ற குண்டுவீச்சு விமானம் வந்து போன மறுநாள் யார் வரவில்லை, இதெல்லாம் இடாப்பில்தான் உண்டு. சில பெயர்களுக்கு நேரே "விலகியவர்" என்று மட்டும் இருக்கும். ஏன் என்று அந்த ஆசிரியர் எழுதவில்லை. அன்றைக்கு எழுதியிருக்கவும் முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1995க்குச் சரியாக ஐந்து வருடங்களுக்கு முன்னர், அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களைச் சில மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள் புலிகள். ஒஸ்மானியாக் கல்லூரிப் பிள்ளைகளின் படிப்பும் அன்றோடு அறுந்தது. எங்கள் வெற்றுக் கட்டங்களைக் காட்டி அழுதுவிட்டு அவர்களுடையதை மறைப்பது நேர்மையில்லை. 1995 செப்டெம்பர் 22இல் விமானக் குண்டுவீச்சில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வடமராட்சி கிழக்கு நாகர்கோவில் பாடசாலை, இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கட்டடங்களை விட்டுவிட்டு வருடக்கணக்காக வேறு ஊர்களில் இயங்கிய வலிகாமம் வடக்குப் பாடசாலைகள், இவற்றின் பதிவுகளையும் தேடிச் சேர்க்க வேண்டும்.

அதிபர்களே, இடாப்புகளையும், பள்ளியின் நிகழ்வுகளைக் குறித்து வைத்த சம்பவத் திரட்டுகளையும் குப்பையில் போட முன்னர் ஒரு ஆசிரியரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தை நடத்தும் நூலக நிறுவனம் எங்கள் ஆவணங்களை மின்வடிவமாக்கி வருகிறது, அவர்களிடம் கேட்கலாம். பிள்ளைகளின் பெயர்களை எல்லாரும் பார்க்க வெளியிட வேண்டாம். பாதுகாத்தால் போதும். விடுகைப் பத்திரம் தொலைந்து, எங்கே படித்தோம் என்று காட்ட வழியில்லாதவர்களுக்கு இந்தத் தாள் இன்றும் உதவும்.

பழைய மாணவர் சங்கத்தாரே, நுழைவாயில் வளைவுக்கும் விளையாட்டு அரங்குக்கும் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறீர்கள், நன்றி. அப்படியே ஒரு இரும்பு அலுமாரியும் வாங்கிக் கொடுங்கள். 1981இல் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்ததை இன்றும் ஆறாமல் பேசுகிறோம். இதை நாங்களே எரிக்கலாமா?

அன்று குவியலிலிருந்து பதினொரு இடாப்புகளை எடுத்து, அதிபரிடம் சொல்லி அலுவலக அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு வந்தேன். உங்கள் பள்ளிக்கூடத்திலும் தூசி தட்டிப் பிரிக்க ஆள் தேவையென்றால் சொல்லுங்கள், சனிக்கிழமைகளில் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய மாணவி,
கோண்டாவில்