காணிக்கை எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாடுகளில் அனாதைப் பிள்ளைகளுக்காக நடக்கும் மிஷன் விடுதிகளுக்குச் சபைகள் மனமுவந்து காணிக்கை அனுப்புகின்றன. திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்று வேதாகமத்தில் யாக்கோபு நிருபம் சொல்வதை நானும் நம்புகிறேன். ஆனால் அந்த விடுதிகளில் இருக்கும் பிள்ளைகள் உண்மையிலேயே திக்கற்றவர்கள்தானா?

2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பின், அமெரிக்க பாப்டிஸ்ட் குழுவினர் பத்துப் பேர் 33 குழந்தைகளை டொமினிகன் குடியரசுக்குக் கொண்டுசெல்ல முயன்று எல்லையில் கைதானார்கள். அக்குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிருடன் இருந்தனர். வறுமையில், படிப்பும் சோறும் கிடைக்கும் என்று நம்பிக் கையளித்தவர்கள் அவர்கள். நல்லெண்ணம் இருந்தும் இப்படி ஆனதுதான் என்னை உறுத்துகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு வாரம் அப்படியொரு விடுதியில் ஊழியம் செய்தேன். போய் இறங்கிய அன்றே, பெயர்கூடத் தெரியாத ஐந்து வயதுச் சிறுமி மடியில் ஏறிக்கொண்டாள். அதை அன்பு என்று பூரித்துப்போனேன். புறப்படும் நாளில் அவள் என் சட்டைக் கையை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் வண்டியேறினேன். எனக்குப் பின் எத்தனை பேரிடம் அவள் அப்படி ஒட்டிக்கொண்டாளோ!

ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைக்கு எதிரான சட்டம் கொண்டுவந்தபோது, அனாதை இல்லங்களை நிரப்புவதற்காகக் குழந்தைகளைக் கடத்துவதும் அங்கே விவாதமானது. சபைகள் இதைப் பேசத் தயங்கக் கூடாது. பணம் அனுப்புமுன் கேளுங்கள்: எத்தனை பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்கள்? சென்ற ஆண்டு எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்?

இப்படிக்கு,
ஒரு வாசகி