தள்ளுபடி வேண்டாம், மாற்றி அனுப்புங்கள்

அமெரிக்கக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்ற நீதிபதிகளுக்கு,

வணக்கம். ‘தவறான மாவட்டத்தில் தாக்கல்’ என்ற ஒற்றை வரியோடு கைதியின் ஆட்கொணர்வு மனுவைத் தள்ளுபடி செய்யும் உத்தரவுகள் ஓயவில்லை. அதனால்தான் இந்த மடல்.

விதி உங்களுக்குத் தெரியாததல்ல. தண்டனையே செல்லாது என்பவர் அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 28-ஆம் தலைப்பின் 2255-ஆம் பிரிவின்படி, தண்டித்த நீதிமன்றத்துக்கே போக வேண்டும். விடுதலை நாள் கணக்கு தவறு, 2018-ஆம் ஆண்டின் ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டம் தந்த சிறை நாள் கழிவு சேரவில்லை என்பவர் அதே தலைப்பின் 2241-ஆம் பிரிவின்படி, தான் அடைபட்டிருக்கும் மாவட்டத்தில், அந்தச் சிறையின் தலைவரான வார்டனை எதிர்மனுதாரராக்கி மனுப் போட வேண்டும். 2004-இல் படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்துவிட்டது.

ஆனால் சிறைக்குள்ளிருந்து பாருங்கள். ஒருவரைத் தண்டித்தது மன்ஹாட்டன். அடைத்திருப்பது கொலராடோவின் ஃபுளோரன்ஸ். நாள் கணக்குப் போடுவது டெக்சாஸின் கிராண்ட் பிரெய்ரி அலுவலகம். சிறைத்துறைத் தலைமையகம் வாஷிங்டன். கணக்குப் போட்டவர்மீதுதானே வழக்கு என்று அவர் டெக்சாஸுக்கு அனுப்பினால் தவறு. இயக்குநர்மீது வாஷிங்டனில் போட்டாலும் தவறு. சரியானது கொலராடோ மட்டுமே.

அதற்கு முன்பே அவர் சிறைக்குள் முறையீட்டுப் படிகளை ஏறி முடித்திருப்பார். பிபி-9 என்ற முதல் முறையீட்டுப் படிவத்துக்கு வார்டன் பதில் தர 20 நாள், பிபி-10-க்கு மண்டல அலுவலகத்துக்கு 30, பிபி-11-க்குத் தலைமையகத்துக்கு 40, இவற்றையும் நீட்டித்துக்கொள்ளலாம். பிறகு நீதிமன்றத்துக்கான ஏ.ஓ. 242 என்ற 2241 மனுப் படிவம், 5 டாலர் கட்டணம். பிறகு உங்கள் மேசையில் சில மாதங்கள். கடைசியில் ‘தள்ளுபடி, மறுபடி தாக்கல் செய்யத் தடையில்லை’. தடையில்லைதான், நாள்தான் இல்லை. அவர் கேட்டதே சில மாதக் கழிவு. புது மனு விசாரணைக்கு வருமுன் விடுதலை நாள் வந்துவிடும், வழக்கும் பொருளற்றதாகிவிடும். 2255 மனுவானால் ஓராண்டுக் கெடு வேறு ஓடிக்கொண்டிருக்கும்.

வழி சட்டத்திலேயே இருக்கிறது. நீதியின் நலன் கேட்டால் மனுவைச் சரியான நீதிமன்றத்துக்கு மாற்றச் சொல்கிறது அதே 28-ஆம் தலைப்பின் 1631-ஆம் பிரிவு. மாற்றினால் முதலில் தாக்கல் செய்த தேதியே நிற்கும். 2025-இல் மாசசூசெட்ஸில் குடியேற்றத் துறை பிடித்துச் சென்ற ஒரு மாணவியின் மனு தாக்கலானபோது அவர் வெர்மான்ட்டில் இருந்தார். நீதிமன்றம் அதைத் தூக்கி எறியாமல் வெர்மான்ட்டுக்கு அனுப்பியது. வக்கீல்கள் போட்ட மனு அது. கைதி பென்சிலால் எழுதி அனுப்பும் மனுவுக்கும் அதே சட்டம்தானே?

அரசு ஓர் ஆளை இரவோடு இரவாக மூன்று மாநிலம் கடத்திச் செல்கிறது. ஒரு கட்டுத் தாளைப் பக்கத்து மாவட்டத்துக்கு அனுப்புவது மட்டும் பெரும்பாடாகிவிடுகிறது! இத்தனைக்கும் இந்த மாவட்ட விதி, அரசு ஆட்சேபிக்காவிட்டால் விட்டுக்கொடுக்கக்கூடிய ஒன்றுதான் என்று படில்லா வழக்கிலேயே உச்ச நீதிமன்ற நீதிபதி கென்னடி தன் தனிக் கருத்தில் எழுதினார். அரசு வாய் திறக்குமுன் நீங்களே ஏன் முந்திக்கொள்கிறீர்கள்?

கோபம் சற்று மீறியிருந்தால் பொறுத்தருள்க. கேட்பது இவ்வளவே: தள்ளுபடி செய்யாதீர்கள், மாற்றி அனுப்புங்கள். மாற்ற இயலாத மனுவானால், எந்த மாவட்டம், எதிர்மனுதாரர் யார் என்பதையாவது உத்தரவில் எழுதி, வெற்று ஏ.ஓ. 242 படிவம் ஒன்றையும் உறையில் வைத்து அனுப்பும்படி எழுத்தரைப் பணிக்க வேண்டுகிறோம்.

பணிவுடன்,
கைதிகளின் மனுக்களுக்கு உதவுவோர்