கடை மீனில் தொற்று ஆய்வு வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் படிவம் 6 மாணவர்களும் பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவர்களும் ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது ஸீப்ரா மீன் சட்டென்று கண்ணில் படுகிறது. வண்ண மீன் கடையில் மலிவாகக் கிடைக்கும். கிருமியைச் செலுத்தி, மருந்து கொடுத்து, பிழைத்தவற்றை எண்ணினால் போதும் என்று தோன்றும். வழிகாட்டும் ஆசிரியர்கள் இதற்குக் கடை மீனை அனுமதிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மீன் ஏற்கெனவே நோயைச் சுமந்துகொண்டிருக்கலாம். காசநோய்க் கிருமியின் உறவினரான மைக்கோபாக்டீரியம் மரைனம், வெளியே ஒரு அடையாளமும் காட்டாமல் மீனுக்குள்ளும் தொட்டியின் வழுவழுப்பான படலத்திலும் தங்கியிருக்கும். மீன் செத்தால், செலுத்திய கிருமி கொன்றதா, முன்பே இருந்தது கொன்றதா என்று சொல்லவே முடியாது. தவிர, வளர்ந்த மீனின் உடல் ஒளியை மறைக்கும். இந்த மீனின் பெருமையே அதன் குஞ்சு கண்ணாடிபோல் இருப்பதுதான். ஒளிரும் கிருமியை வெள்ளணு விழுங்குவதை, உயிருள்ள குஞ்சில் நுண்ணோக்கி வழியே நேரடியாகப் பார்க்கலாம்.

முறையான ஆய்வு முட்டையிலிருந்து தொடங்குகிறது. ஆணையும் பெண்ணையும் இரவில் தடுப்பு வைத்துப் பிரித்து, காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால் முட்டையிடும். அடியில் வலைத்தட்டு இல்லையென்றால் பெற்றோரே முட்டைகளைத் தின்றுவிடும். முட்டைகளைக் கிருமிநீக்கம் செய்யாமல் விடக்கூடாது. மைக்கோபாக்டீரியா குளோரினுக்கு எளிதில் சாவதில்லை என்பதால் குளோரினை மட்டும் நம்பவும் கூடாது. பிறகு 28.5 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். குளிர்சாதன அறை மேசையில் விட்டால் வளர்ச்சி பின்தங்கும். அப்போது "இரண்டு நாள் குஞ்சு" என்று எழுதுவதற்குப் பொருள் இல்லை. செத்த முட்டைகளை அன்றன்றே எடுக்காவிட்டால் பூஞ்சை மற்றவற்றுக்கும் பரவும்.

அதிகம் தவறு நேர்வது ஊசி போடும் கட்டத்தில்தான். மயக்க மருந்து டிரைக்கெயின் லிட்டருக்கு ஏறத்தாழ 160 மில்லிகிராம். அது அமிலத்தன்மை உடையது. நடுநிலைப்படுத்தாமல் ஊற்றினால் குஞ்சுகளை வதைக்கும். வால் பக்கத்து இரத்தக்குழாயில் செலுத்துவது 1 நானோலிட்டர், அதில் 100 முதல் 200 கிருமிகள். துளியை மினரல் எண்ணெயில் விட்டு அளக்கவேண்டும்: விட்டம் 0.125 மில்லிமீட்டர் இருந்தால் அது 1 நானோலிட்டர். ஊசி அடைத்துக்கொள்ளும்போது நுனியை ஒடித்துவிட்டு அப்படியே தொடர்வார்கள். துளை பெரிதானால் துளியும் பெரிதாகும், ஆகவே மறுபடி அளந்தே தீரவேண்டும். மரைனம் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்ளும் கிருமி. மெல்லிய ஊசி வழியே பலமுறை இழுத்துத் தள்ளிப் பிரிக்காவிட்டால் ஒரு குஞ்சுக்குப் பத்தும் அடுத்ததற்கு ஐந்நூறும் போகும். வேலையின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு துளியைக் கிருமி வளர்க்கும் அகார் தட்டில் விட்டு முளைத்தவற்றை எண்ணினால்தான் உண்மையான அளவு தெரியும். வெறும் உப்புக்கரைசல் செலுத்திய குஞ்சுகளும் பக்கத்தில் இருக்கவேண்டும். அவையும் செத்தால் குற்றம் கிருமியுடையது அல்ல, ஊசி போட்ட கையுடையது.

இவ்வளவு கவனத்துக்கும் பலன் உண்டு. காசநோயில் உருவாகும் கிரானுலோமா என்னும் செல் முடிச்சை 2002-இல் ஆய்வாளர் லலிதா ராமகிருஷ்ணன் குழுவினர் இந்தக் குஞ்சுகளில் கண்டனர். அழற்சி குறைந்தாலும் கெடுதல், மிகுந்தாலும் கெடுதல் என்று அதே குழு 2012-இல் இந்த மீனைக் கொண்டே காட்டியது. நம் நாட்டில் ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் காசநோய் கண்டறியப்படும் நிலையில் இது நமக்குத் தொலைவான செய்தி அல்ல. ஆனால் மீனுக்கு நுரையீரல் இல்லை. தடுப்பூசி நம்பியிருக்கும், கிருமியை நினைவில் வைக்கும் தகவமைப்பு நோயெதிர்ப்புச் சக்தி மீனில் முதிர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஐந்து நாள் குஞ்சில் கிடைத்த முடிவை வைத்துத் தடுப்பூசியைப் பற்றிப் பேச முடியாது.

உயிரியல் பாதுகாப்பு அனுமதி இல்லாத பள்ளிகள் கிருமியைத் தொடாமலே நல்ல ஆய்வு செய்யலாம். முட்டைகளை வெவ்வேறு வெப்பநிலையில் வைத்துப் பொரிக்கும் நேரத்தைக் குறிக்கலாம், இரண்டாம் நாள் இதயத் துடிப்பை எண்ணலாம்.

தொட்டி கழுவும்போது கையில் காயம் இருந்தால் கையுறை கட்டாயம். மரைனம் 30 பாகை அளவில் செழிக்கும். மனிதரில் குளிர்ச்சியான கைவிரல்களைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். சில வாரங்கள் கழித்து ஆறாத முடிச்சு வந்தால், மீன் தொட்டியில் கைவைத்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். 37 பாகையில் மட்டும் வளர்த்துப் பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் இந்தக் கிருமி தென்படாமல் போகலாம்.

இப்படிக்கு,
கிருமியியல் ஆய்வுக்கூடப் பணியாளர்,
குளுகோர், பினாங்கு