எந்தக் கிருமி என்று சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய பொதுச் சுகாதார அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற வாரம் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருந்த ஒருவர் இறந்துபோனார். நாற்பதைத் தாண்டாத வயது. இறப்புச் சான்றிதழில் 'கடும் நிமோனியா' என்று எழுதினோம். அதற்கு மேல் எழுத எங்களிடம் எதுவும் இல்லை. "என்ன காய்ச்சல் டாக்டர் இது? வீட்டில் பிள்ளைகளும் இருமுகிறார்கள்" என்று அவருடைய மனைவி கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

தொண்டையில் எடுத்து அனுப்பிய மாதிரிக்கு 'கோவிட் இல்லை' என்று ஒற்றை வரி வந்திருந்தது. இன்ஃபுளுயன்சாவா, ஆர்எஸ்வி என்ற சுவாச வைரஸா என்று யாரும் பார்க்கவில்லை. கிருமி நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் தொண்டையில் அகப்படாமல் போகலாம். டியூப் போட்டவருக்கு மூச்சுக்குழாயிலிருந்து உறிஞ்சிய சளியைத்தான் சோதிக்க வேண்டும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தச் சளியையும் அனுப்பினோம். "இதை வாங்குவதில்லை" என்று ஆய்வகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

2020இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் 2 வரை, கடும் சுவாசத் தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்த 5,911 பேரை ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சோதித்தது. 104 பேருக்குக் கோவிட் இருந்தது. அவர்களில் 40 பேருக்கு வெளிநாட்டுப் பயணமும் இல்லை, தொற்றாளரோடு தொடர்பும் தெரியவில்லை. நோய் ஊருக்குள் பரவுவதை அன்று காட்டிக்கொடுத்தவை மருத்துவமனைப் படுக்கைகள்தான். இன்று அதே படுக்கைகளை ஏன் பார்க்க மறுக்கிறீர்கள்?

இப்படிப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கையை மட்டும் வாரந்தோறும் கேட்கிறீர்கள். தாமதமானால் போன் வருகிறது. எங்களுக்குத் திரும்பி வரும் தகவல் எதுவும் இல்லை. இன்ஃபுளுயன்சாவுக்கான ஒசல்டாமிவிர் மருந்தைச் சந்தேகத்தின் பேரிலேயே தொடங்குகிறோம். தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கவாவது சோதனை முடிவு வேண்டாமா? கோவிட் காலத்தில் வந்த, கிருமியைக் கண்டறியும் பிசிஆர் இயந்திரம் எங்கள் ஊரிலேயே உறை போட்டுக் கிடக்கிறது. அதை இயக்கிய பிள்ளைகளை ஒப்பந்தம் முடிந்ததென்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று எங்களுக்குக் கைதட்டிய நாட்டில் இன்று சோதனைக்கான ரசாயனம் (ரீஏஜென்ட்) வாங்கப் பணமில்லை என்கிறார்கள். கோபம் வருகிறது, மன்னிக்க வேண்டும்.

கேட்பது ஒன்றுதான். கடும் சுவாசத் தொற்றோடு தீவிர சிகிச்சைக்கு வரும் ஒவ்வொருவருக்கும், அரசு தனியார் என்று பாராமல், எந்தக் கிருமி என்று சோதியுங்கள். அவர் படுக்கையில் இருக்கும்போதே முடிவைத் தாருங்கள். வடகிழக்குப் பருவமழையோடு இன்ஃபுளுயன்சா ஏறும். அதற்கு முன் இதற்கான ஆணையைப் பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவர்