திருப்பணி நிறைவு அறிக்கை: மாரியம்மன் கோவில் மண்டபமும் மாட்டு மேடும்

திட்டுவாசிகளுக்கும், வெளியூரிலிருந்து தலைக்கட்டு வரி அனுப்பிய உறுப்பினர்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

குடமுழுக்கு முடிந்து 48 நாள் மண்டலாபிஷேகமும் நிறைந்தது. வரவு செலவுக் கணக்கு மண்டபத் தூணில் ஒட்டியிருக்கிறது. ரசீதுகளைப் பொருளாளரிடம் யாரும் கேட்டுப் பார்க்கலாம். வெள்ளத்திலும் புயலிலும் மண்டபம் ஆட்களுக்கும், மேடு மாடுகளுக்கும் அடைக்கலம். கட்டியது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதை இங்கே எழுதுகிறோம்.

கொள்ளிடத்தின் நடுவில் இருக்கும் நமக்கு ஆபத்து இரண்டு வழியில் வருகிறது. மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் வந்த 2018, 2022 ஆகஸ்டுகளைப் போல, உள்ளூரில் சொட்டு மழை இல்லாத நாளிலும் வாசலில் தண்ணீர் நிற்கும். இன்னொன்று ஐப்பசி முதல் மார்கழி வரையிலான புயல். 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலை மறந்தவர் இல்லை. முன்னதற்கு உயரம் வேண்டும், பின்னதற்குக் கனம் வேண்டும். அதனால்தான் தகரக் கூரை மலிவு என்று சொல்லியும் ஆர்.சி.சி. தளமே போட்டோம்.

2018-இன் சேற்றுக்கோடு கர்ப்பக்கிரகச் சுவரில் 4 அடி 2 அங்குலத்தில் இருக்கிறது. மண்டபத்தின் மேல்தளம் 10 அடியில். கீழே 16 தூண்கள் மட்டும், சுவர் கிடையாது. அடைத்துக் கடை விடலாம் என்ற யோசனையைப் பொதுக்குழுவிலேயே மறுத்தோம். சுவரில் முட்டுகிற வெள்ளம் ஓரத்தில் சுழன்று தூணடி மண்ணைப் பறித்துவிடும். இனிமேலும் யாரும் கீற்றுத் தட்டிகூடக் கட்ட வேண்டாம்.

அஸ்திவாரத்துக்குத் தூணுக்கு ஒன்றாக 25 அடி ஆழத்தில் பைல் (குழி துளைத்து வார்க்கும் காங்கிரீட் கால்) இறக்கினோம். மேல் மணல் சரிந்து முதல் இரண்டு குழிகள் மூடிக்கொண்டன. பெண்டோனைட் என்னும் களிமண் குழம்பை ஊற்றித் துளையிட்ட பிறகுதான் குழி நின்றது.

தண்ணீர்தான் அதிகம் படுத்தியது. கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு (உப்பு) கூடாது என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. நம் அடிபம்புத் தண்ணீர் சோதனையில் தேறவில்லை. அக்கரையிலிருந்து டிரம்மில் படகேற்றி வந்தோம். செலவு கூடியதற்கு முதல் காரணம் அதுவே. படகில் நனைந்து கட்டி தட்டிப்போன 31 மூட்டை சிமெண்டைக் கழித்துவிட்டோம்.

ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும். முதல் நான்கு தூண்களில் கம்பி பலகையில் ஒட்டாமல் இடைவெளி காக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டைச் செருகியிருந்தார்கள். வைப்ரேட்டர் ஓடியதும் ஜல்லி நழுவி, கம்பிக் கூடு பலகையோடு ஒட்டிக்கொண்டது. சென்ட்ரிங் பிரித்தபோது ஒரு தூணின் அடியில் இரண்டு சாண் உயரத்துக்கு ரிங்கு கம்பி வரிவரியாகத் தெரிந்தது. பக்கத்தில் தட்டினால் பொள்ளல் சத்தம். மேலே பூசி மறைத்தால் நாலைந்து வருடத்தில் உப்புக்காற்று பட்டுக் கம்பி துருவேறிப் பருக்கும், காங்கிரீட் வெடித்து உதிரும். நான்கையும் இடித்து, ஒப்பந்தக்காரர் செலவிலேயே எம் 30 என்னும் வலுத்தரக் கலவையில் திரும்ப ஊற்ற வைத்தோம். மீதித் தூண்களுக்கு 50 மி.மீ. பிளாக்குகளை நாமே வார்த்து, ஒரு வாரம் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தோம்.

மாட்டு மேடு 6 அடி உயரம். ஆற்று மணலை 9 அங்குல அடுக்காகத் திமிசு போட்டு இறுக்கி, மேலே ஒரு அடி களிமண் போர்த்தி, சரிவில் வெட்டிவேர் நட்டிருக்கிறோம். வடகிழக்கு மூலையில் வேர் பிடிக்குமுன் மழை வந்து சரிவு வழிந்தது, திரும்ப நட்டாயிற்று. இந்த ஒரு வருடம் அங்கே ஆடு ஏறக் கூடாது.

கழிப்பறை இரண்டும் மேல்தளத்தில். செப்டிக் டேங்க் காலியாக இருந்தால் வெள்ளத்தில் மிதந்து பெயரும். ஆகவே அடித்தளத்தைக் கனமாகப் போட்டிருக்கிறோம். கழிவு திரும்ப மேலே ஏறாமலிருக்க ஒருவழி வால்வு உண்டு. அதில் துணி சிக்கினால் மூடாது. குடிநீர்த் தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர், கலந்து ஒரு மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும். திறந்த பொட்டலம் வீரியம் இழக்கும், போன வருடத்துப் பவுடரை நம்ப வேண்டாம்.

இனி முக்கியமானது. மேல்தளத்தில் படி, கழிப்பறை போக 1,000 சதுர அடி இருக்கிறது. ஒருவர் உட்கார 10 சதுர அடி என்றால் 100 பேர், அதுவும் படுக்க இடமின்றி. ஊர் முழுவதற்கும் அது காணாது. படித்துறை அளவுகல்லில் மஞ்சள் கோட்டைத் தண்ணீர் தொட்டதுமே கர்ப்பிணிகள், பிள்ளைகள், முதியவர்கள் அக்கரைக்குப் போய்விட வேண்டும், மாடுகள் மேட்டுக்கு. சிவப்புக் கோட்டைத் தாண்டினால் இழுப்பில் படகு நிற்காது, எடுக்கவும் கூடாது. அப்போது மிஞ்சியிருப்பவர்களுக்கே இந்த மண்டபம். மண்டபம் இருக்கிறதே என்று படகை விட்டுவிடுகிறவரால்தான் இடம் போதாமல் போகும்.

அந்த நாளில் மேலே ஏறத் தீட்டு, தெரு, சாதி எதுவும் பார்க்கப்படாது என்பது பொதுக்குழுத் தீர்மானம். அது படிக்கட்டுச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது.

பாக்கி வேலை: மேல்தளத்தின் தெற்கு ஜன்னல் இரண்டுக்குக் கதவு வரவில்லை. புயலின் போக்கைப் பொறுத்துக் காற்று திசை மாறி அடிக்கும் என்பதால், ஐப்பசிக்குள் மாட்டிவிட வேண்டும். மேல்தளச் சாவி மூன்று: பூசாரி வீடு, படகுக்காரர் வீடு, மகளிர் குழுத் தலைவி வீடு.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்