இந்த ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போகாதே

அன்புள்ள பூங்கொடிக்கு,

அப்பா எழுதுவது. உன் புது மீன் தொட்டியில் இரண்டைத் தவிர எல்லா மீனும் செத்துப்போயிற்று என்று நேற்று ராத்திரி போனில் நீ அழுததைக் கேட்டதிலிருந்து எனக்கும் மனசு சரியில்லை. பேசினால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதி அனுப்புகிறேன். முதல் காரியம், இந்த ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் கலர் மீன் கடைகளுக்குப் போய்ப் புது மீன் வாங்காதே. தொட்டியைக் காலி செய்து மொட்டை மாடியில் கவிழ்க்கவும் செய்யாதே. மிச்சம் இருக்கிற இரண்டு மோலி மீனோடு அது அப்படியே ஓடட்டும்.

உனக்குக் கைராசி இல்லை என்றாய். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை கண்ணு. மதியம் தொட்டி வாங்கி, சாயங்காலம் தண்ணீர் ஊற்றி, அன்று ராத்திரியே கோல்டு ஃபிஷ் இரண்டு, நியான் டெட்ரா ஆறு, ஃபைட்டர் ஒன்று, மோலி இரண்டு, டேங்க் கிளீனர் என்று விற்கிற சக்கர் மீன் ஒன்று என்று பன்னிரண்டு உயிரை அதில் விட்டிருக்கிறாய். கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அதன் கழிவும், தின்னாமல் கிடக்கும் தீனியும் அழுகினாலும் அம்மோனியாதான். பழகிய தொட்டியில் ஃபில்டர் பஞ்சிலும் கற்களிலும் பாக்டீரியா குடியிருக்கும். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் கொஞ்சம் இருந்தால் மீன் தாங்கும், வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அதுவும் குறைந்துவிடும். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் எதுவும் கிடையாது. அம்மோனியா செவுளை அரிக்கும். நைட்ரைட் இரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனை உடம்புக்குக் கொண்டுபோக விடாமல் தடுக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின என்றாயே, அது பசி இல்லை. மூச்சுத் திணறல். நீ பசி என்று நினைத்து இன்னும் தீனி போட்டாய்.

மூன்றாம் நாள் தண்ணீர் பால் மாதிரி வெளுத்ததும் பயந்துபோய் முழுவதையும் கொட்டிவிட்டு, கல்லைத் தேய்த்து, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து அலசிவிட்டாய். புதுத் தண்ணீரில் அப்படி வெளுப்பது சகஜம், விட்டுவிட்டால் சில நாளில் தானாகத் தெளியும். நீ கழுவியதில் அப்போதுதான் குடியேற ஆரம்பித்த பாக்டீரியாவும் போய்விட்டது. தொட்டி மறுபடியும் முதல் நாளுக்குத் திரும்பிவிட்டது. நீ அக்கறை இல்லாமல் இருந்ததால் மீன் சாகவில்லை. ஒரே வாரத்தில் அளவுக்கு மேல் அக்கறை காட்டியதுதான் அதற்குத் தாங்கவில்லை.

குளோரின் விஷயத்தை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்வேன், அது என் பிழைப்பு. குழாயின் கடைசி முனையில் இருக்கிற வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது குடிநீருக்கான விதி. குளோரின் அளவு பார்க்கிற குளோரோஸ்கோப்பில் சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று தெருத் தெருவாகப் பார்த்தவன் உன் அப்பா. அந்த மஞ்சள் நமக்குக் காவல். மீனுக்கு அதே குளோரின் செவுளைச் சுட்டுவிடும், ஃபில்டரில் இருக்கிற பாக்டீரியாவையும் கொல்லும். உன் அபார்ட்மெண்ட்டில் லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலக்கிறது என்கிறாய். அப்படியானால் குளோரின் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. லாரி வந்த அன்று தொட்டிக்குத் தண்ணீர் எடுக்காதே. எடுக்கிற தண்ணீரை வாய் அகன்ற பக்கெட்டில் ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் முழுக்க வைத்துவிடு. அவசரம் என்றால் கடையில் ஆன்டி குளோரின் கிடைக்கும். பல கடைகளில் அது சோடியம் தயோசல்ஃபேட்தான். அந்தக் காலத்து போட்டோ ஸ்டுடியோக்களில் ஹைப்போ என்பார்களே, அதுவே. பாட்டிலில் போட்டிருக்கிற அளவுக்குமேல் ஊற்றாதே.

கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் சுத்தமானது என்று யாராவது சொன்னால் கேட்காதே. அதில் உப்புச் சத்து மிகக் குறைவு. மீனுக்கு அந்தத் தாதுக்கள் வேண்டும், தண்ணீரின் காரத்தன்மை நிலையாக இருக்கவும் அது வேண்டும். உன் போர் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தால் சந்தோஷப்படு. மோலிக்கும் கப்பிக்கும் பிளாட்டிக்கும் கடின நீர் ஒத்துக்கொள்ளும். அந்த இரண்டு மோலி பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நியான் டெட்ரா அமேசான் பகுதியின் மென்மையான நீரில் பிறந்த இனம், புதுத் தொட்டிக்கு அது ஆகாது. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீர் கேட்கும், நிறையக் கழிவும் போடும், ஒழுங்காக வளர்ந்தால் சாண் நீளம் வரும். சென்னை வெயிலில் ஏசி இல்லாத வீட்டில் உன் இரண்டடித் தொட்டி அதற்குச் சிறை. ஃபைட்டர் காற்றை நேராக மூச்சிழுக்கும் மீன், அதனால் கண்ணாடிக் கிண்ணத்திலும் உயிரோடு கிடக்கும். கிடக்கும் என்பதற்காக அங்கே வைக்கலாமா? அதற்கென்று தனியாக 15 லிட்டராவது பிடிக்கிற தொட்டி வேண்டும், மூடியும் வேண்டும், துள்ளி வெளியே விழுந்துவிடும். நீளமான வால் உள்ள மீனோடு ஃபைட்டரைச் சேர்க்கவே கூடாது.

இனி செய்ய வேண்டியது இதுதான். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கிற டெஸ்ட் கிட் ஒன்று வாங்கு, சொட்டு மருந்து வகையாக இருக்கட்டும். உன் ஆபீஸ் தோழி வீட்டில் பழைய தொட்டி இருக்கிறது என்றாயே, அவளுடைய மீன்கள் நோய் நொடி இல்லாமல் இருந்தால் அவள் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேள். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான், அதை ஈரம் காயாமல் கொண்டுவந்து உன் ஃபில்டருக்குள் வைத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். அது கிடைக்காவிட்டால் நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டியதுதான். மோலிகள் உள்ளே இருப்பதால், அம்மோனியாவோ நைட்ரைட்டோ தலை காட்டுகிற நாளில் கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்று. இரண்டும் பூஜ்யம் என்று ஒரு வாரம் தொடர்ந்து காட்டினால் கப்பி நான்கு வாங்கிக்கொள். ஆண் மீனாகவே வாங்கு. பெண்ணும் இருந்தால் மாதத்துக்கு ஒருமுறை குட்டி போட்டு உன்னைத் திணறடிக்கும். கவரோடு கால் மணி நேரம் மிதக்கவிட்டு, உன் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவருக்குள் ஊற்று. அப்புறம் மீனை மட்டும் வலையில் எடுத்து விடு. கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

ஃபில்டரை ராத்திரி அணைக்கிறாய் என்று அம்மா சொன்னாள். சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் தொட்டியை ஹாலுக்கு மாற்று, அணைக்காதே. அந்தப் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். அடுத்த முறை பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும். தொட்டியை ஹாலுக்கு மாற்றுவதற்கு முன் இடத்தையும் பார்த்துக்கொள். கல், கண்ணாடி, தண்ணீர் எல்லாம் சேர்ந்து 70 கிலோ வரும், டிவி ஸ்டாண்ட் தாங்காது. ஜன்னல் வெயில் விழுந்தால் பாசி பிடிக்கும்.

தீனி ஒரு நாளைக்கு ஒருமுறை, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு. மீனின் வயிறு மிகச் சிறியது. வாரத்தில் ஒரு நாள் ஒன்றும் போடாதே. பொங்கலுக்கு இங்கே வரும்போது வாட்ச்மேனிடமோ பக்கத்து வீட்டிலோ தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டு வராதே, நல்ல மனசோடு பாதி டப்பாவைக் கொட்டிவிடுவார்கள். வளர்ந்த மீன் மூன்று நாள் பட்டினி சாதாரணமாகத் தாங்கும்.

கடையில் கொடுத்த நீல மருந்தைத் தடுப்புக்கு என்று ஊற்றாதே. நோய் என்னவென்று தெரிந்த பிறகுதான் மருந்து.

கடைசியாக அந்த டேங்க் கிளீனர். அது கோல்டு ஃபிஷ்ஷோடு செத்துப்போனதில் உனக்கு வருத்தம் என்றாய், எனக்கும்தான். ஆனால் இன்னொன்று வாங்காதே. பாசியைச் சுரண்டுமே தவிர அது கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யாது, தன் பங்குக்கு நிறையக் கழிவு போடும், ஒரு அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் வைத்துக்கொள்ள முடியாமல் ஜனங்கள் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். நம் ஊர்க் கெண்டையும் கெளுத்தியும் இருந்த நீர்நிலைகளில் இன்று வலை போட்டால் முள்ளுமுள்ளாக அதுதான் வருகிறது, மீன்காரர்கள் வலை கிழிந்து நிற்கிறார்கள். தொட்டி மீன் எதுவானாலும் வேளச்சேரி ஏரியில் விடுகிற எண்ணம் உனக்கு ஒரு நாளும் வரக் கூடாது. வேண்டாம் என்றால் கடைக்குத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் வேறு வளர்ப்பவர்களிடம் கொடு.

கிட் வந்ததும் அம்மோனியா நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பு, டியூப் லைட்டில் பச்சையும் மஞ்சளும் பிரித்துத் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் நானே கூப்பிடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா